நகராத எக்ஸ்பிரஸ்

என் அண்ணா பிறந்த கையோடு ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறியவன். நடக்கப் பழகிய பிறகுதான் அதிலிருந்து இறங்கினான். இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த ரயில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இந்தச் சங்கதி எனக்குத் தெரியவந்தபோது எனக்கு ஒன்பது வயது. தெரிந்துகொண்டதோடு நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும், முப்பதை நெருங்கும் வயதில், ஓடும் பஸ்ஸில் தனியாக இருந்தாலும், காது இரண்டும் சூடாகிவிடுகின்றன.

அப்போது நாங்கள் ரெய்னர்ஸ் லேனில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த பிளாட்டில் குடியிருந்தோம். பெரியப்பா வீடு இரண்டு தெரு தள்ளி. அப்பாவும் அம்மாவும் அண்ணாவும் லண்டனுக்கு வந்த புதிதில் அவருடைய மேல்மாடி அறையில்தான் இருந்தார்கள். நான் பிறந்து, அந்த அறையில் கால் நீட்ட இடமில்லாமல் போன பிறகே தனியாக வந்தோம். அப்பாவுக்கு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை எடுத்துக் கொடுத்தவர் பெரியப்பா. அண்ணாவுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தவரும் அவர்தான். எங்கள் சோபா, எங்கள் சாப்பாட்டு மேசை, அண்ணாவின் சைக்கிள் எல்லாம் முதலில் அவர் வீட்டில் இருந்து, வயதான பிறகு எங்களிடம் வந்தவை. அப்பா அவரோடு தொலைபேசியில் கதைக்கும்போதுகூட எழுந்து நின்றுதான் கதைப்பார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில், ஏதாவது ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் நூலகத்தில் இருந்து உலகத்து ரயில்களைப் பற்றிய பெரிய படப் புத்தகம் ஒன்றைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்து குசினி மேசையில் விரித்து வைத்திருந்தேன். பக்கம் முழுவதும் பனி. பனிக்கு நடுவே ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது. பாலாடை நிறம், யன்னல்களைச் சுற்றிச் சிவப்பு, தட்டையான முகம். நெற்றியின் இரு பக்கமும் இரண்டு விளக்குகள். ஜப்பானின் மலைநாட்டில் ஓடிய டீசல் எக்ஸ்பிரஸ் என்று கீழே எழுதியிருந்தது.

வேலைக்குப் போக முன்னர் தேநீர் குடிக்க வந்த அப்பா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்ச வந்து பாருமப்பா," என்று அம்மாவைக் கூப்பிட்டார். அவர் குரல் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் கேட்டதில்லை. "எங்கட வீடு!"

அம்மா அடுப்பில் இருந்து திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு வந்து, ஈரக் கையாலேயே புத்தகத்தை மூடினார். "பிள்ளை படிக்கட்டும். உங்கட தேத்தண்ணி ஆறுது."

நான் விடவில்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா என்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் உட்காரும் வாங்கில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ரயில் ஏதோ சிக்னல் கோளாறால் வரவில்லை. அப்பாவுக்குத் தப்ப வழியில்லை. முதலில் தயங்கினார். பிறகு, நல்ல படத்தின் கதையைச் சொல்கிறவர் போல, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

அந்தக் கோச்சி (ரயிலை அப்பா கோச்சி என்றுதான் சொல்வார்) ஜப்பானில் மலை ஏறி, பனி வெட்டி, கனகாலம் எக்ஸ்பிரஸாக ஓடியது. புதிய ரயில்கள் வந்ததும் அதைக் கப்பலில் ஏற்றித் தாய்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தண்டவாளம் கொஞ்சம் ஒடுக்கம், சக்கரம் பொருந்தாது. "சில்லை உள்ளுக்குத் தள்ளிப் பூட்டினவங்கள். பாவம், அந்த வயசில அதுக்கு நடை பழக்கினவங்கள்," என்றார் அப்பா. நடை பழகி அது அங்கேயும் சில வருடங்கள் சனங்களை ஏற்றி இறக்கியது. பிறகு உதிரிப் பாகம் கிடைக்காமல் ஒவ்வொரு பெட்டியாக நின்றுபோனது. பாங்கொக் நகரத்துக்கு வெளியே ஒரு யார்டில், கடைசித் தண்டவாளத்தில், இடுப்பளவு புல்லுக்குள் தள்ளிவிட்டார்கள். அங்கேதான் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். யார்டின் காவலாளி நல்ல மனிதர். அம்மாவின் வயிற்றைப் பார்த்தார், ஒரு பெட்டியின் கதவைக் கையாலேயே இழுத்துத் திறந்துவிட்டார்.

சீட்டுகளை எதிரெதிராகத் திருப்பினால் கட்டில். சாமான் வைக்கும் தட்டில் அம்மாவின் சேலையைக் கட்டினால் ஏணை. அதில்தான் அண்ணா ஆடினான். கூரை ஒழுகும் இடங்களுக்குக் கீழே வாளி, சட்டி, பால்மா டின் எல்லாம் வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சத்தம். "மேளக் கச்சேரிதான்," என்றார் அப்பா. கதவுக்கு மேலே ஜப்பான் எழுத்தில் ஒரு தகடு இருந்தது. அம்மா அதை ஏதோ மந்திரம் என்று நம்பி, பக்கத்தில் முருகன் படத்தை ஒட்டி, தினமும் இரண்டுக்கும் சேர்த்துப் பூ வைத்தார். ஒருநாள் ஜப்பானில் இருந்து ஒருவர் அந்த ரயிலைப் பார்ப்பதற்கென்றே வந்தார். இளவயதில் அதில் வேலைக்குப் போய் வந்தவராம். புல்லுக்குள் நின்று ரயிலுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். அம்மா தேநீர் கொடுத்தார். அவர்தான் தகட்டை வாசித்துச் சொன்னார்: தலையையும் கையையும் வெளியே நீட்டாதீர்கள்.

நான் வாங்கில் புரண்டு சிரித்தேன். அப்பாவும் சிரித்தார்.

"பிறகு டெலிபோன் கதை ஒண்டு இருக்கு," என்றார். லண்டனுக்கு எடுப்பதற்காக அவர் ஒவ்வொரு நாளும் சந்தியில் இருந்த டெலிபோன் பெட்டிக்கு நடந்து போவாராம். மறுபக்கம் மணி அடிக்கும், ஒருவரும் எடுக்கமாட்டார்கள். போட்ட நாணயம் டங் என்று திரும்பி விழும். "அதே காசை அடுத்த நாளும் கொண்டு போவன். அவ்வளவு நாளும் ஒரே காசு, பிள்ளை! ஆருக்குக் கிடைக்கும் இப்பிடி ஒரு லாபம்?"

ரயில் வந்துவிட்டது. ஏறும்போது அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாவிட்டை இதைப் பற்றி ஒண்டும் கேக்கக்கூடாது, என்ன?" என்றார்.

"ஓம் அப்பா," என்றேன்.

அந்த வாக்கை நான் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெரியப்பா மகளின் பூப்பு விழாவான சாமத்தியவீடு அதற்குச் சில வாரங்களின் பின் வந்தது. அக்கா பெரியபிள்ளையாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தாலும், ஹரோவில் அவர்கள் விரும்பிய மண்டபம் அப்போதுதான் கிடைத்தது. லண்டன் சாமத்தியவீட்டைக் கண்டவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. அக்கா பல்லக்கில் வந்தாள். பல்லக்கைத் தூக்கியவர்களுக்கு ஒரே நிறத் தலைப்பாகை. புகை இயந்திரம் புகைத்த புகையில் முன்வரிசை ஆச்சிமார் இருமினார்கள். கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் உறவினர்கள் வந்திருந்தார்கள். அம்மா தன்னிடம் இருந்த ஒரே காஞ்சிபுரத்தை உடுத்து, பெரியம்மாவுக்குப் பக்கத்தில் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். அப்பா பந்தியில் ஓடித் திரிந்தார். விருந்தாளிகளில் பாதிப்பேர் அவரைச் சாப்பாட்டுக் கடைக்காரர் என்று நினைத்திருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னர் பெரியப்பா ஒலிவாங்கியைப் பிடித்தார். அவருக்குப் பேச வரும். தான் இந்த நாட்டுக்கு ஒரு சூட்கேஸோடு வந்ததில் தொடங்கினார். சொந்தக்காரரை ஒவ்வொருவராக லண்டனுக்குக் கூப்பிட்டு எடுத்ததைச் சொன்னார்.

"என்ர தம்பியை எடுங்கோ," என்று அப்பா நின்ற பக்கம் கையைக் காட்டினார். அப்பா கையில் தண்ணீர்ச் சாடியோடு நின்றார். "பாங்கொக்கில அவனும் பெஞ்சாதியும் நிண்ட காலம் முழுக்க ஒரு குறையும் வைக்கேல்லை. நல்ல அபார்ட்மெண்ட். ஏசி. இவன்ர மூத்தவன் பிறந்தது அங்கதான். ராசா மாதிரி வளந்தவன்."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. இது கோபமில்லை என்பதை நான் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்கு யாரோ பிழையாகச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஓர் அற்புதமான எக்ஸ்பிரஸ் ரயிலை யாரோ வெறும் அபார்ட்மெண்ட் ஆக்கிவிட்டார்கள். அபார்ட்மெண்ட் எல்லோரிடமும் இருக்கிறது. நாங்களே ஒன்றில்தான் இருக்கிறோம்.

பெரியவர்கள் பேசி முடிந்ததும் அறிவிப்பாளர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அக்காவுக்கு ஆளுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒரு வரி முனகிவிட்டு இறங்கினார்கள். என் முறை வந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு டீச்சர் பழக்கிய குரல் தானாகவே வந்துவிட்டது.

"அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!"

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. பிள்ளை என்ன வடிவாகத் தமிழ் பேசுகிறது என்று யாரோ சொன்னது கேட்டது. அது போதுமாயிருந்தது எனக்கு.

"பெரியப்பா சொன்னதில் ஒரு சிறு பிழை இருக்கிறது. என் அண்ணா வளர்ந்தது அபார்ட்மெண்டில் அல்ல. ஜப்பான் நாட்டு டீசல் எக்ஸ்பிரஸ் ரயிலில்!"

பெரிய சிரிப்பு. நான் பனியில் தொடங்கினேன். கப்பலில் ஏற்றினேன். சில்லை உள்ளே தள்ளினேன். புல்லுக்குள் நிறுத்தி, அம்மாவையும் அப்பாவையும் ஏற்றினேன். வாளிகளின் மேளக் கச்சேரியை வாயால் அடித்துக் காட்டினேன். பின்வரிசை இளைஞர்கள் விசில் அடித்தார்கள். ஜப்பான் தகட்டுக்கு அம்மா பூ வைத்த இடத்தில் மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அம்மாவை நோக்கிப் போவதை நான் கண்டேன். அம்மா தட்டு வரிசைக்குப் பின்னால், சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். எல்லோரும் ரசிக்கிறார்களே, ஏன் கூச்சப்பட வேண்டும்?

கடைசியாக டெலிபோன் கதைக்கு வந்தேன். சிரிப்புக் கதைகளில் அதுதான் சிறந்தது என்று வைத்திருந்தேன்.

"அப்பா ஒவ்வொரு நாளும் லண்டனுக்கு டெலிபோன் எடுப்பார். மணி அடிக்கும், அடிக்கும், அடிக்கும். ஒருவரும் எடுக்கமாட்டார்கள்! காசு டங் என்று திரும்பி விழும்!"

சிரிப்பு வரவில்லை. அதாவது, தூரத்து மேசைகளில் வந்தது. முன்வரிசைகளில் சட்டென்று நின்றுபோனது. லண்டனில் அந்தக் காலத்தில் அப்பாவுக்கு யார் இருந்தார்கள் என்று அந்த வரிசைகளுக்குத் தெரியும். கனடாவில் இருந்து வந்த சின்ன மாமி திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர் பார்த்தார். பெரியம்மாவின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதை அவர் மறந்துபோய் விட்டுவிட்டது போல இருந்தது. பெரியப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மீண்டும் கட்டினார். கட்டத் தெரியாதவர் போல நெடுநேரம் கட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி, சரி, அடுத்த பிள்ளை," என்று அறிவிப்பாளர் ஒலிவாங்கியை என் கையில் இருந்து எடுத்தார்.

மேடையை விட்டு இறங்கும்போது என் முகம் எரிந்தது. என்ன செய்தேன் என்று தெரியாமலே வெட்கப்படுவது எவ்வளவு கொடுமை என்று அன்று கண்டேன். தெரிந்து வெட்கப்பட்டால், அதற்கு ஒரு விளிம்பாவது இருக்கும். நான் சாப்பாட்டு மேசை ஒன்றின் கீழே, நீண்ட வெள்ளை விரிப்புக்குள் புகுந்துகொண்டேன். அண்ணாதான் கண்டுபிடித்தான். அவனுடைய பள்ளிக்கூட நண்பர்கள் இரண்டு பேர் அன்று வந்திருந்தார்கள். அவர்கள் அதற்குள் அவனுக்குப் பின்னால் வரிசையாக நின்று, முன்னால் நிற்பவன் தோளில் கைபோட்டு, கூக் கூக் என்று ஓடத் தொடங்கிவிட்டார்கள். அவனுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. "I hate you," என்றான். பிறகு தமிழிலும் சொன்னான்.

வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தோம். வழக்கமாகப் பெரியப்பாவின் வான் வண்டியில் ஓர் இடம் இருக்கும். அன்று யாரும் கூப்பிடவில்லை. நாங்களும் நிற்கவில்லை.

அம்மா யன்னலைப் பார்த்தபடி, "ஆர் உனக்குச் சொன்னது?" என்றார்.

நான் வாய் திறக்க முன்னர், "நான்தான்," என்றார் அப்பா.

அம்மா அடிப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அடித்திருந்தால் அன்றிரவு நித்திரை வந்திருக்கும். ரயிலில் இருந்தது அவ்வளவு கேவலமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். அம்மா அதைத்தான் மறைத்திருக்கிறார், ஏழையாக இருந்ததற்கு வெட்கப்பட்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன். பல வருடங்களாக அப்படித்தான் நம்பினேன். எனக்கே அம்மாவை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பெரியப்பா போன வருடம் காலமானார். எட்டாம் நாள் எட்டுச்செலவுச் சடங்கு முடிந்து, எல்லோரும் போன பிறகு, பெரிய அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அம்மா எனக்கு மீதியைச் சொன்னார்.

அப்பாவும் அம்மாவும் பாங்கொக்குக்குப் போனதே பெரியப்பாவின் வார்த்தையை நம்பித்தான். "ஒரு மாசம் பொறுங்கோ, நான் வழி செய்யிறன்," என்று சொல்லியிருந்தார். மாதம் முடிந்தது. அவர் தொலைபேசியை எடுக்காமல் விட்டார். வாடகை அறையில் இருந்து இறக்கிவிட்டார்கள். அம்மா ஏழு மாதம். அதன் பிறகுதான் அந்த யார்ட், அந்தக் காவலாளி, அந்த ரயில். கடைசியில் வேறு யார் யாரோ உதவி செய்து லண்டனுக்கு வந்து இறங்கியபோது, எப்படியோ கேள்விப்பட்டு விமான நிலையத்துக்குப் பெரியப்பா வந்திருந்தார். கட்டிப்பிடித்து அழுதார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. காரை ஓட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "அங்க எப்பிடி இருந்தனீங்கள்?" என்று கேட்டாராம். அண்ணாவை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் இருந்த அம்மாதான் சொன்னார்.

"நல்ல அபார்ட்மெண்டில இருந்தனாங்கள் அத்தான். ஒரு குறையும் இல்லை."

"கண்ணாடிக்குள்ளால அவற்ற முகத்தைப் பாத்தனான்," என்றார் அம்மா. "அந்த மனுசன் ஒரு மூச்சு விட்டார் பார். நான் சொன்னது பொய் எண்டு அவருக்கும் தெரியும் எண்டுதான் நினைக்கிறன். ஆனா அவருக்கு அது வேணும். அந்த வீட்டிலதானே இனி நாங்கள் இருக்கப் போறம். எப்பிடி ஒருத்தற்ற முகத்தைப் பாத்து ஒவ்வொரு நாளும் சோறு தின்னுறது?"

அந்த அபார்ட்மெண்ட் பிறகு வளர்ந்தது. முதலில் ஏசி வந்தது. வருடங்கள் போகப் போக, அதை ஏற்பாடு செய்தவரே பெரியப்பா என்றாகிவிட்டது. அவர் அதை நம்பத் தொடங்கியிருந்தார். அம்மா அதில் கை வைக்கவில்லை. அன்று மண்டபத்தில் அவர் நிலத்தைப் பார்த்து நின்றது தனக்காக வெட்கப்பட்டு அல்ல. தலையை நிமிர்த்தினால் அவருடைய கண் பெரியப்பாவின் கண்ணைச் சந்தித்துவிடும். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், மகளின் சாமத்தியவீட்டு நாளில், அந்த மனிதரை அப்படிப் பார்க்க அம்மாவால் ஏலவில்லை.

இதெல்லாம் இப்போது தெரியும். அன்று தெரியாது. சாமத்தியவீடு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா எங்கள் பிளாட்டுக்கு வந்தபோது, எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதன்முறையாகத் தனியாக, ஒரு பையும் கொண்டு வராமல் வந்திருக்கிறார் என்பதுதான். அப்பா எழுந்து நின்றார். "வாங்கோ அண்ணை." பெரியப்பா தலையை ஆட்டினாரே தவிர அவரைப் பார்க்கவில்லை. அவருடைய பழைய சோபாவில், அதன் ஓரத்தில் இருந்தார். அம்மா தேநீர் போடப் போனார். அப்பா அங்குமிங்கும் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உதவி செய்யப் போவது போலக் குசினிக்குள் போய்விட்டார்.

நான் நழுவப் பார்த்தேன். பெரியப்பா என் கையைப் பிடித்தார்.

"இஞ்ச வா பிள்ளை. அந்தக் கோச்சிக் கதையைப் பெரியப்பாவுக்குச் சொல்லு."

ஒரு கிழமையாக வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அண்ணா என் பக்கமே திரும்பவில்லை. நான் சந்தேகத்தோடு அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. உண்மையாகவே கேட்கிறார்.

"எல்லாமோ?"

"ஓம். எல்லாம்."

சொன்னேன். இம்முறை அவருக்கு மட்டும், மெதுவாக. அவர் இடையில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். மழை பெய்தால் பிள்ளையை எங்கே வைப்பார்கள்? குளிக்க எங்கே போனார்கள்? இருட்டியபின் வெளிச்சம் இருந்ததோ? தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். தெரியாததற்கும் பதில் சொன்னேன். என் கதையை இவ்வளவு ஆசையாக ஒருவர் கேட்பது அதுதான் முதல் தடவை. மண்டபத்தில் நடந்ததெல்லாம் ஏதோ தவறுதலாக நடந்தது என்றும், கதை நல்ல கதைதான் என்றும் நினைக்க எனக்கு உயிர் வந்தது.

"இன்னும் சொல்லு," என்றார்.

சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவரை ஏமாற்ற மனமில்லாமல், ஒரு பாம்பை விட்டேன். புல்லுக்குள் இருந்து படியேறி, சீட்டுகளுக்குக் கீழால் ஊர்ந்து, ஏணைக்கு நேர் கீழே வந்து படம் எடுத்த பாம்பு. அண்ணா உள்ளே நித்திரை. அம்மா தனியாக. அப்பா டெலிபோன் எடுக்கப் போய்விட்டார்.

பெரியப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. குசினி வாசலில் அம்மா தேநீர்த் தட்டோடு வந்து நின்றார். "போதும் பிள்ளை," என்று மெதுவாகச் சொன்னார். "போதும்."

பெரிய மனிதர், ஒரு பாம்புக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நெருங்கிப் போய் அவருடைய முழங்காலைத் தடவிவிட்டேன்.

"பயப்பிடாதேங்கோ பெரியப்பா," என்றேன். "அது ஒருத்தரையும் கடிக்கேல்லை."